இரண்டு பேர்

மலையை வெட்டி மாட்டுவண்டியில் கொண்டுவந்து
கடலில் கொட்டுகிறார்கள்.
தெலுக் ஆயரில் இன்று எண்ணிப் பார்த்தேன்:
வெயில் ஏறுமுன்னே அறுபத்திரண்டு வண்டி.
நான் கரையேறிய இடத்தில்
ஒரு காளை நின்று மூத்திரம் பெய்கிறது.

இருபத்தோரு வருஷம்.
கரிமுன் தீவைத் தாண்டிய பிறகு, மூன்றாம் சாமத்தில்
சுமத்ராக் காற்று வந்து பாயைக் கிழித்தது.
நாகப்பட்டினத்து ஜவுளிக்கடையில்
முழம் போட்டுக் கிழிப்பார்களே, அதே சத்தம்.
சிராங்கு என்னவோ கத்தினான்.
பிறகு பாறை.
மேலே இருந்ததெல்லாம் கீழே.

கோழிக்கூண்டு ஒன்று மிதந்து வந்தது.
கப்பித்தான் சாப்பாட்டுக்கு ஏற்றிய கோழிகள்
பாதி செத்திருந்தன, பாதி கொக்கரித்தன.
அந்தப் பக்கத்துக் கம்பைப் பிடித்திருந்தாள்
திருமலைராயன்பட்டினத்து நீலாயி.
பதினெட்டு நாளாக ஒரே பாயில் படுத்து வந்தவள்.
புருஷனுக்குக் காட்ட வைத்திருந்த சேலையை
எனக்கு மூன்று தடவை விரித்துக் காட்டியவள்.
"தொங்கான் ஓட்டுகிறார். பேர் அப்பாவு.
மூக்கில் ஒரு தழும்பு. பார்த்ததும் தெரியும்."
அலை ஏறும்போது சொல்வாள்.
அலை இறங்கும்போதும் அதையேதான் சொன்னாள்.

விடியும்போது கூண்டில் நான் மட்டும்.

முதுகில் பிள்ளையைக் கட்டியிருந்த ஒரு கடல்நாடோடிப் பெண்
துடுப்பை நீட்டி என்னை இழுத்துப் போட்டாள்.
அவள் பேசியது எனக்கு ஒரு சொல் புரியவில்லை.
இளநீர் புரிந்தது.

கப்பித்தானின் சம்சாரமும் பிழைத்தாள்.
அவள் தொப்பி நிறம்வரை பத்திரிகையில் வந்ததாம்.
கடைசி வரியில் நான்:
"சுதேசிப் பெண் ஒன்று."
மாட்டைச் சொல்வதுபோல, ஒன்று.

துறைமுக ஆபீசில் குமாஸ்தா பட்டியலைப் புரட்டினான்.
"பெண்பிள்ளைகள் இரண்டு பேர் ஏறியிருக்கிறீர்கள்.
நீ எந்தப் பேர்?"

என்னை ஏற்றி வந்த கங்காணி தண்ணீரில் போய்விட்டான்.
என் பேரைச் சொன்னால்
அப்பன் வாங்கிய கடனும் கூடவே கரையேறும்.
நாக்கில் உப்பு.
நீலாயி என்றேன்.

வாசலில் ஒரு ஆள் எழுந்து நின்றான்.
கையில் மடித்த குடை, மூக்கில் தழும்பு.
குமாஸ்தா கேட்டான்: "உன் பெண்சாதிதானே?"
அவர் என் முகத்தைப் பார்த்தார்.
வேறு யாராவது வருகிறார்களா என்று
என் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.
நெடுநேரம் பார்த்தார்.
"ஆமாம்" என்றார்.
வெளியே வந்ததும் குடையை விரித்தார்.
மழை இல்லை.

அதன்பின் சோறு பொங்கினேன்,
கப்பல்காரர் துணி வெளுத்தேன்,
இரண்டு பெற்றேன், ஒன்று தங்கிற்று.
நீலாயி என்று யாராவது கூப்பிட்டால்
நான் திரும்புவதற்குள்
எனக்குள் இன்னொருத்தி திரும்பிவிடுவாள்.
அவர் மட்டும் பேர் சொல்லிக் கூப்பிட்டதேயில்லை.
"இந்தா" என்பார். "ஏய்" கூடக் கிடையாது.

போன வாரம் தொங்கானை விற்றுவிட்டார்.
வாசல்வரை வந்த தண்ணீர் தெருவுக்கு அப்பால் போயாயிற்று.
ராத்திரி விளக்கை அணைத்த பிறகு
இருட்டில் கேட்டார்:
"அவள் ஏதாவது சொன்னாளா?"

சொன்னேன்.
"கோழிகள் சாகுதே என்று அழுதாள்.
தாழ்ப்பாளைத் திறந்துவிடப் போனாள்.
அப்போது ஒரு கை விட்டுப்போயிற்று."

அவ்வளவுதான் சொன்னேன்.
அந்த நேரம் கூண்டு என் பக்கம் சாய்ந்ததை,
அலை சாய்த்ததா நான் சாய்த்தேனா என்று
எனக்கே தெரியாததை
சொல்லவில்லை.
அவர் புரண்டு படுத்தார். தூங்கவில்லை.

காலையில் சந்தைக்குப் போய்
ஒரு பெட்டைக்கோழி வாங்கி வந்தார்.
கத்தியை எடுத்து வைத்தேன்.
வேண்டாம் என்று தலையசைத்தார்.
கால்கட்டை அவிழ்த்துவிட்டார்.

புதுமண்ணில் இப்போது அது கிளறிக்கொண்டிருக்கிறது.
சிப்பி ஒன்று அகப்பட்டது. கொத்திப் பார்த்துவிட்டு
அப்பால் போகிறது.